அந்த மார்க் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்: மும்பைக் கல்லூரிகளின் சேர்க்கைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வர்களுக்கும், சேர்க்கைக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில், சாயங்கால நேரத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் நான். மே மாதம் ரிசல்ட் வந்துவிட்டால் எங்களுக்குப் பாடம் கிடையாது, படிவம் நிரப்புவதுதான் வேலை. பல்கலைக்கழக இணையதளத்தில் பதிவு, அப்புறம் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி விண்ணப்பம், வருமானச் சான்று, ரேஷன் கார்டு, எல்.சி. என்கிற பள்ளி விடுப்புச் சான்று, மெரிட் லிஸ்ட் வரும் நாளில் போனும் கையுமாகக் காத்திருப்பது. இதைச் செய்து செய்து மனசில் சேர்ந்துபோன ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்ல வேண்டும். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இதன் படிகள் உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வரும். தமிழில் எழுதுவது, எங்கள் பிள்ளைகளின் தாய்தகப்பனும் படித்துவிட்டு, நாங்கள் என்ன கேட்கிறோம் என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் 45, 50, 55 சதவீதம் வாங்கிய ஒரு பிள்ளையின் விண்ணப்பம் உங்கள் முன்னால் வரும்போது, அந்த மார்க் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்பதற்கு உங்கள் படிவத்தில் இடம் வையுங்கள். கேட்டுவிட்டு முடிவு எடுங்கள்.

ஒரு மார்க் ஷீட்டை உங்களுக்குக் காட்டுகிறேன். பிள்ளையின் பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். பத்தில் 78 சதவீதம். பன்னிரண்டில் காமர்ஸ். ஆங்கிலம் 41, இந்தி 47, பொருளாதாரம் 43, ஓசிஎம் (வணிக அமைப்பும் மேலாண்மையும்) 39, கணிதம் 69, புக் கீப்பிங் 81. மொத்தம் 600-க்கு 320. சதவீதமாகப் போட்டால் 53 சொச்சம். உங்கள் கணினியில் ஏறுவது இந்த 53 மட்டும்தான்.

ஆனால் தாளைக் கையில் எடுத்துப் பார்க்கிற எந்த ஆசிரியருக்கும் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். எண்களால் பதில் சொல்லும் பாடங்களில் இந்தப் பெண் நன்றாக நிற்கிறாள். பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் எழுத வேண்டிய பாடங்களில் விழுகிறாள். புக் கீப்பிங்கில் 81 வாங்கியவளுக்கு வணிகம் புரியவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவளுடைய நோட்டை நான் பார்த்திருக்கிறேன். இருப்புநிலைக் குறிப்பு இரண்டு பக்கமும் சரியாக நேர்படுகிறது, கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டவை, ஓர் அடித்தல் கிடையாது. அதே கையால் எழுதிய ஓசிஎம் நோட்டில் கேள்வி மட்டும் இருக்கிறது, பதிலுக்கு விட்ட இடம் பல பக்கங்களில் அப்படியே காலி. பி.காம் படிக்கத் தகுதி உள்ள பிள்ளையா என்று என்னைக் கேட்டால், என் வகுப்பில் அந்த ஆண்டு இவளைவிடத் தகுதியான ஆள் இல்லை என்பேன். ஒரு கல்லூரியின் கவுன்ட்டரில் அவளுக்குக் கிடைத்த பதில்: “ஓப்பன் கேட்டகரியா? ஐம்பத்து மூன்றா? ஃபாரத்தை வேஸ்ட் பண்ணாதே.” அந்த ஊழியரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. கட்-ஆஃப் பட்டியலைப் பார்த்துத்தான் அவர் சொன்னார். அவரிடம் வேறு எந்தத் தகவலும் இல்லை. அதுதான் என் வருத்தம்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் என்ன ஆகிறது என்பதை வெளியே இருப்பவர்கள் கவனிப்பதில்லை. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. நல்ல காரியம், அதற்காக நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பத்து முடித்த அன்றைக்கே தமிழ் நின்றுவிடுகிறது. பதினொன்றில் தமிழ் வழி வகுப்பு எங்கள் பக்கத்தில் கிடையாது. பதினொன்றும் பன்னிரண்டும் நடக்கிற ஜூனியர் காலேஜில் ஜூன் மாதம் உட்காருகிற பிள்ளைக்கு முதல் நாளிலிருந்து எல்லாமே ஆங்கிலம். கூட இருக்கும் பிள்ளைகள் எல்.கே.ஜி.யிலிருந்து அந்த மொழியில் படித்தவர்கள். ஆசிரியர் நோட்ஸ் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிவிடுவார்கள். இந்தப் பிள்ளை முதல் வரியை எழுதி முடிப்பதற்குள் அடுத்த பத்தி போய்விடும். புரியாததைக் கேட்கக் கூச்சம், கேட்டால் சிரிப்பார்கள் என்ற பயம். பதினொன்று முழுக்க மொழியோடு மல்லுக்கட்டி, பன்னிரண்டில் பாடத்தைத் தொடுவதற்குள் பிப்ரவரி மாதப் பரீட்சை வந்து நிற்கும். பத்தில் 78 வாங்கியவள் இரண்டே வருஷத்தில் மந்தமாகிவிட்டாளா என்ன?

இன்னொன்றையும் பாருங்கள். பெயர் பெற்ற கல்லூரிகளின் முதல் பட்டியல் பல பாடங்களில் 90-ஐத் தாண்டி நிற்கிறது. அந்தக் கல்லூரிகளின் சொந்த ஜூனியர் காலேஜில் படித்தவர்களுக்கு இன்-ஹவுஸ் என்று முன்னுரிமை உண்டு. அந்த ஜூனியர் காலேஜில் இடம் கிடைத்தது எதை வைத்து? பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து. ஆக, பதினைந்து வயதில் எங்கே படித்தோம் என்பது ஒரு தடவை அங்கே முடிவு செய்கிறது, மறுபடியும் பதினேழு வயதில் இங்கே முடிவு செய்கிறது. ஒரே குறைக்கு இரண்டு தண்டனை.

வீட்டையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் தாத்தா தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அம்மாவுக்கு இட்லி வியாபாரம். பத்துக்குப் பத்து அடியில் ஒரே அறை, ஐந்து பேர். இரவு இரண்டு மணிக்கு அடுப்பு பற்றவைத்தால்தான் விடியற்காலையில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற ஆட்களுக்குக் கொடுக்க முடியும். இட்லி வேகும்போது அந்த அறையில் ஆவியும் சூடும் எப்படி இருக்கும் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். சுவரில் மாட்டிய காலண்டர் ஈரத்தில் சுருண்டுபோகும். அப்புறம் தண்ணீர் வரும், குடம் வைக்க ஓட வேண்டும். பிள்ளை எங்கே உட்கார்ந்து படிப்பாள்? பரீட்சை நேரத்தில் பலர் சந்தியில் உள்ள கோயில் திண்ணையிலும் என் வகுப்பு அறையிலும்தான் படிக்கிறார்கள். இந்த அறையையும் பத்து மணிக்குப் பூட்ட வேண்டும், வாடகை இடம்.

இதைக் கேட்டுவிட்டு, “சரி, இட ஒதுக்கீடு இருக்கிறதே” என்பவர்களுக்கு ஒரு விளக்கம். தாராவித் தமிழர்களில் கணிசமான பேர் பட்டியல் சாதியினர். ஆனால் பட்டியல் சாதி என்ற தகுதி மாநிலத்துக்கு மாநிலம் தனி. 1950 ஆகஸ்ட் 10 அன்று அந்தக் குடும்பம் மகாராஷ்டிரத்தில் நிலையாக இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். அதற்குப் பிறகு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், இங்கேயே சயான் ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தாலும், இந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டில் வர மாட்டார்கள். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. வேறு மாநிலத்திலிருந்து வந்தவருக்கு இந்தச் சலுகை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் சொன்ன வழக்கே மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி இடம் பற்றியதுதான். 1994-இல் மகாராஷ்டிரத்திலிருந்து போன இன்னொரு வழக்கில் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது.

அதனால் எங்கள் பிள்ளை உங்கள் படிவத்தில் ‘ஓப்பன்’ என்று டிக் அடிக்கிறாள். ஊரில் சேரியில் இருந்த குடும்பம், இங்கே குடிசையில் இருக்கிற குடும்பம், படிவத்தில் மட்டும் பொதுப் பிரிவு. எங்கள் வாழ்க்கையில் தேதிகள் நிறைய. தாராவிக்குள் இலவச வீடு கிடைக்குமா என்பதற்கு 2000 ஜனவரி 1, சான்றிதழ் கிடைக்குமா என்பதற்கு 1950 ஆகஸ்ட் 10. தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்புக்காக டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த காகிதங்களையே கல்லூரிக்கும் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள் தாய்மார்கள். இந்தச் சட்டத்தை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ‘ஓப்பன்’ என்ற அந்த ஒரு சொல்லைப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு எந்தத் தடையும் இருந்திருக்காது என்று முடிவு செய்யாமல் இருக்க உங்களால் முடியும்.

மும்பைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. அதன் பெருமையைச் சொல்லும்போதெல்லாம் டாக்டர் அம்பேத்கரின் பெயரை நீங்கள் சொல்கிறீர்கள், சொல்லவும் வேண்டும். அவர் 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது வாங்கியது 750-க்கு 282. அதாவது 37.6 சதவீதம். பரேலில் தொழிலாளர்கள் வாழ்ந்த ஒரு வரிசைக் குடியிருப்பில் (சால்), ஒற்றை அறையில் இருந்த குடும்பம். அப்பா ராம்ஜி நள்ளிரவு தாண்டி விழித்திருந்து, இரண்டு மணிக்கு மகனைப் படிக்க எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் தான் படுப்பாராம். அந்தக் காலத்தில் மெட்ரிகுலேஷன் தேறினாலே கல்லூரிக்குள் போகலாம். அதனால் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியின் கதவு திறந்தது. கேளுஸ்கர் என்ற ஆசிரியர் அந்தப் பையனைக் கவனித்திருந்தார். அவர் முயற்சியால் பரோடா மன்னர் சயாஜிராவ் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கொடுத்தார். 1912-இல் பி.ஏ., 1913-இல் கொலம்பியா. பின்னால் 1946-இல் அவரே இந்த நகரத்தில் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அம்பேத்கர் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. 37.6 வாங்கிய அந்தப் பையன் இன்றைக்கு உங்கள் இணையதளத்தில் ‘ஓப்பன்’ என்று விண்ணப்பித்தால் மூன்று மெரிட் லிஸ்டிலும் அவன் பெயர் இருக்காது. அவன் யார் என்று கேட்க ஒரு கேளுஸ்கரும் அந்த நடைமுறையில் இல்லை. அதைத்தான் சொல்கிறேன்.

நான் கேட்பது புதுசும் இல்லை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யூ.) பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கும் பெண்களுக்கும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு சில மதிப்பெண்களைக் கூட்டிக் கொடுக்கும் முறை நெடுங்காலம் இருந்தது. தமிழ்நாட்டில் 2020-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. அதற்கு முந்தைய வருஷம் விரல் விட்டு எண்ணும்படி இருந்தவர்கள், அந்த ஆண்டே நூற்றுக்கணக்கில் உள்ளே போனார்கள். சட்டத்தால் பிள்ளைகளின் மூளை ஒரே வருஷத்தில் வளர்ந்துவிடவில்லை, அளந்து பார்த்த விதம் மாறியது. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம் 1997-இல், எந்தப் பள்ளியாக இருந்தாலும் அங்கே முதல் பத்து சதவீதத்தில் வருகிற பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் என்று சட்டம் போட்டது. ஒரு பிள்ளையை அதன் பள்ளியில் கூடப் படித்தவர்களோடு ஒப்பிட வேண்டும் என்கிற எண்ணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்கள் தமிழ் வழிப் பள்ளியில் முதல் மூன்று பேரில் வந்தவள் என்ற தகவல், 53 என்ற எண்ணைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

“உள்ளே எடுத்துவிட்டால் மட்டும் போதுமா, தாள்களில் தேறாமல் கேடி (கே.டி.) விழுந்து பாதியில் போய்விடுவார்களே” என்று ஒரு பேராசிரியர் அக்கறையோடு கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பிள்ளைகளில் சிலர் அப்படி நின்றும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் நின்றது பெரும்பாலும் முதல் இரண்டு செமஸ்டரில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதும் தாள்களில். நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு மருந்து கொடுப்பது கஷ்டமில்லை. ஐஐடிகளில், நேரடி இடத்துக்குச் சற்றுக் குறைவாக வாங்கிய பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களை ஓராண்டு ஆயத்த வகுப்பில் படிக்கவைத்து, தேறினால் மறு ஆண்டு பட்டப் படிப்பில் சேர்க்கிறார்கள். அவ்வளவு பெரிய ஏற்பாடு உங்களால் முடியாவிட்டால் போகட்டும். முதல் ஆறு மாதம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஆங்கிலத்தில் விடை எழுதும் பயிற்சி போதும். ஆள் இல்லை என்றால் நாங்கள் வருகிறோம். எங்களிடம் படித்து இன்று வங்கியிலும் ஐ.டி.யிலும் இருக்கிற பிள்ளைகள் சனிக்கிழமை வரத் தயாராக இருக்கிறார்கள், சம்பளம் வேண்டாம்.

குறைந்த மார்க் வாங்கிய எல்லோருக்கும் இடம் கொடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. வசதி இருந்தும் படிக்காமல் 50 வாங்கியவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அவர்களையும் இவளையும் பிரித்துப் பார்க்கத்தான் கேட்கச் சொல்கிறேன்.

இடம் கிடைக்காதவர்களுக்கு எல்லோரும் சொல்லும் ஒரே வழி தொலைதூரக் கல்வி. கலீனாவில் பல்கலைக்கழகமே 1971 முதல் அதை நடத்துகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே அதில் படித்து முன்னுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும், அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். வீட்டில் உட்கார இடமில்லாததால் மார்க் குறைந்த பிள்ளையை, மறுபடியும் அதே வீட்டில் உட்கார்ந்து படி என்று அனுப்புகிறோம். அவளுக்குக் கல்லூரி கொடுக்கிற முதல் பொருள் ஒரு மேஜை. நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே, யாரும் எழுப்பாத நாலு மணி நேரம். அப்புறம் கூடப் படிக்கும் தோழிகள், சந்தேகம் கேட்க ஒரு டீச்சர், நடமாடிப் பழகும் ஆங்கிலம். வீட்டில் மேஜை வைத்திருப்பவர்களுக்கு முதலில் இடம் கொடுத்துவிட்டு, மேஜையே இல்லாதவளைத் தபாலில் படிக்கச் சொல்வது என்ன முறை?

பணம் கட்டும் தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டியலில் பெயர் வந்தால் மூன்று நாலு நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அது போதும். சீட்டு எடுத்தோ, மகளிர் குழுவில் கேட்டோ, கம்மலை வைத்தோ புரட்டுகிற தாய்க்கு அது போதாது. இடம் வந்தும் பணம் கட்ட முடியாமல் அடுத்த ஆளுக்குப் போனதை ஒவ்வொரு ஜூனிலும் பார்க்கிறோம். இரண்டு தவணை என்று எழுதிவிட்டால் இந்தக் கொடுமை நின்றுவிடும். அதேபோல, ஒரு வருஷம் வேலைக்குப் போய்விட்டு வருகிற பையனிடம் ‘கேப்’ ஏன் என்று பிரமாணப் பத்திரம் வாங்குகிறீர்கள். அதில் அவன் எழுதுகிற காரணத்தை, அப்பா படுத்துவிட்டார், கடையில் நின்றேன் என்று எழுதுவதை, யாராவது படித்து அவனுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாமே.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ‘முதல் பட்டதாரி’ என்று ஒரு சான்றிதழ் உண்டு; குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குப் போகிறவருக்கு, தொழிற்கல்விக் கலந்தாய்வில் கல்விக் கட்டணச் சலுகை. அதே கேள்வியை உங்கள் விண்ணப்பத்தில் வையுங்கள்: உன் வீட்டில் இதற்கு முன் யாராவது கல்லூரிக்குப் போனார்களா? பத்தாம் வகுப்பு எந்த மொழியில் படித்தாய்? உன் பள்ளியில் எத்தனையாவதாக வந்தாய்? வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை? கீழே பத்து வரி காலியாக விடுங்கள். தன்னைப் பற்றித் தான் அறிந்த மொழியில் அந்தப் பிள்ளை எழுதட்டும். தமிழில் எழுதினால் படித்துச் சொல்ல எங்களைப் போன்றவர்கள் இந்த நகரத்தில் நிறைய இருக்கிறோம். மூன்றாம் பட்டியல் முடிந்தும் காலியாகக் கிடக்கிற இடங்கள் பல கல்லூரிகளில் உண்டு, கலைப் பிரிவில் இன்னும் அதிகம். முதல் வருஷம் அந்த இடங்களை மட்டுமாவது இந்தப் பதில்களைப் பார்த்துக் கொடுங்கள். தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் முதலில் தொடங்கினால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள்.

அந்தப் பெண் இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். வருகிற மே மாதம் மறுபடியும் விண்ணப்பிக்கப் போகிறாள். அவளோடு இன்னும் பல பேர். விண்ணப்பம் திறப்பதற்கு முன்னால், உங்கள் குழுவில் ஓர் அரை மணி நேரம் எங்களுக்குக் கொடுங்கள். மார்க் ஷீட்டுகளையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வருகிறோம். நீங்களே கேட்டுப் பாருங்கள். காலை நேரம் எதுவானாலும் சரி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வகுப்பு இருக்கிறது.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
தாராவியிலிருந்து ஓர் ஆசிரியர்